அழித்துவிடவா?

“சித்திரைச்செல்வி” என்று தயாபரி திரையில் இருந்த பெயரை வாய்விட்டுப் படித்தார். விரல் மவுஸின் மேல் இருந்தது. அழுத்தவில்லை.

திரையின் நடுவில் ஒரு சின்னப் பெட்டி வந்து நின்றிருந்தது. இந்தப் பக்கம் நிரந்தரமாகப் போய்விடும், அழித்துவிடவா என்று அது கேட்டது.

பின்னால் நின்றுகொண்டிருந்த திருமேனி கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“அழுத்துங்கக்கா.”

தயாபரி அழுத்தினார். சித்திரைச்செல்வியின் பக்கம் போயிற்று. அடுத்த பெயர் வந்தது. பெட்டியும் மறுபடி வந்தது.

“பரமானந்தம்” என்று படித்தார். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு ‘வேண்டாம்’ என்பதை அழுத்தினார். பரமானந்தத்தின் பக்கம் அப்படியே நின்றது.

மனசு வரவில்லை போலிருக்கிறது என்று திருமேனி நினைத்தார். போன மாதமும் இப்படித்தான். இரண்டு மூன்று பேரை விடாமல் பிடித்து வைத்துக்கொண்டார்.

வத்தலக்குண்டு சாலையில், ஊர் முடிந்து புளியமரங்கள் தொடங்கும் இடத்தில் இருந்தது அந்த இல்லம். பேருந்து நிலையங்களிலும் கோயில் வாசல்களிலும் விடப்பட்டவர்களைக் கொண்டுவந்து சேர்ப்பார்கள். ஒவ்வொருவருக்கும் கம்ப்யூட்டரில் ஒரு பக்கம் உண்டு. புகைப்படம், பெயர், உடம்பில் உள்ள அடையாளம், மருந்து, தூக்கத்தில் உளறும் ஊர்ப் பெயர்கள். இறந்துவிட்டால் அந்தப் பக்கம் அழிக்கப்படும். பெயரும் தேதியும் மட்டும் ‘மறைந்தோர்’ என்ற கடைசிப் பக்கத்தில் ஒரு வரியாகச் சேரும்.

மாதக் கடைசியில் இதைச் செய்ய திருமேனி ஒரு மேக்ரோ எழுதியிருந்தார். ஒரு பொத்தானைத் தட்டினால் கம்ப்யூட்டரே வரிசையாக வேலையை முடித்துவிடும். முடிக்க விட்டால்.

யார் இறந்தவர் என்பதை அது சமையலறைக் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்ளும். இல்லத்தில் ஒவ்வொருவருக்கும் பெயர் பொறித்த தட்டு இருந்தது. ஒருவருக்கு இனிச் சோறு வேண்டாம் என்று ஆனால் சமையல்காரி செங்கமலம் அந்தத் தட்டைக் கவிழ்த்து மேல் பலகையில் வைப்பாள். கவிழ்ந்த தட்டுகளைத் தினமும் கம்ப்யூட்டரில் ஏற்றுவது திருமேனியின் வேலை. அவர் வந்து சேர்ந்த வாரம் இரண்டு தட்டுகள் கவிழ்ந்தன. இரண்டும் சாவு. அதற்குமேல் அவர் யாரையும் விசாரிக்கவில்லை.

“அக்கா, ஒண்ணு கேக்கலாமா?”

இல்லத்தை நடத்தும் தயாபரி அவரைவிட வயதில் மிகவும் சிறியவர். இருந்தாலும் எல்லாரையும்போல அவரும் அக்கா என்றுதான் கூப்பிட்டார்.

“கேளுங்க ஐயா.”

“அழிக்கச் சொன்னது நாம. சொன்னப்புறமும் அழிக்கவா, அழிக்கவான்னு ஒவ்வொண்ணுக்கும் கேட்டுக்கிட்டு நின்னா என்ன அர்த்தம்? ஒரே ஒரு வரி சேர்த்தாப் போதும். அது வாயைத் திறக்காது. தானே சரின்னு எடுத்துக்கிட்டுப் போயிடும்.”

தயாபரி நாற்காலியை விட்டு எழுந்தார்.

“சிட்டம்மா சாப்பிடற நேரமாச்சு. வாங்க.”

சிட்டம்மாவின் கட்டில் பெண்கள் கூடத்தின் கடைசியில் இருந்தது. தயாபரி ரசஞ்சோற்றைக் குழையப் பிசைந்து கரண்டியில் எடுத்தார்.

“ஒரு வாய் வேணுமா சிட்டம்மா?”

“வேண்டாம்” என்று சொல்லிவிட்டு சிட்டம்மா வாயைத் திறந்தாள்.

ஊட்டினார். விழுங்கும்வரை காத்திருந்தார்.

“இன்னொரு வாய்?”

“வேண்டாம்.” வாய் திறந்தது.

கிண்ணம் பாதியாகும்வரை இப்படியே நடந்தது. ஒவ்வொரு முறையும் கேள்வி, ஒவ்வொரு முறையும் வேண்டாம், ஒவ்வொரு முறையும் திறந்த வாய். திருமேனிக்குச் சிரிப்பு வந்தது.

“இன்னொரு வாய் வேணுமா?”

“வேண்டாம்.”

வாய் திறக்கவில்லை.

தயாபரி கரண்டியைக் கிண்ணத்துக்குள் வைத்தார். ஈரத்துணியால் சிட்டம்மாவின் தாடையைத் துடைத்தார்.

“எல்லாத்துக்கும் பதில் ஒண்ணுதானே அக்கா. எதுக்குத் திரும்பத் திரும்பக் கேக்கறீங்க?”

“ஆமா ஐயா. பதில் ஒண்ணுதான்.”

கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். தான் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை என்று திருமேனி நினைத்துக்கொண்டார்.

காப்பீட்டு அலுவலகம் ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். மனைவி இறந்தபின் சில மடங்களுக்குப் போய்ப் பார்த்தார். ஒரு சாமியார் பேசிக்கொண்டே இருந்தார். இன்னொருவர் பேசவே இல்லை. கடைசியில் யாரோ சொல்லி இங்கே வந்தார்.

“மனசு ஒரு நிலையில இல்லை. எனக்கு ஏதாவது சொல்லிக்கொடுங்க” என்று தயாபரியிடம் கேட்டார்.

“எனக்கு ஒண்ணும் தெரியாதே ஐயா. உங்களுக்குக் கம்ப்யூட்டர் தெரியுமா?”

“தெரியும்.”

“நல்லதாப் போச்சு. இங்க ஒண்ணு தூசி அடைஞ்சு கிடக்கு.”

அன்றிலிருந்து காலைப் பேருந்தில் வந்து மாலைப் பேருந்தில் திரும்பினார். ஆண்கள் கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் பிச்சைக்கனி அவருக்கு சிஷ்யப்பிள்ளை என்று பெயர் வைத்தான். “சிஷ்யப்பிள்ளைக்கு ஒரு டீ கொடுங்கம்மா. மெஷினுக்கு மந்திரம் ஓதித் தொண்டை காஞ்சு கிடக்காரு” என்பான். திருமேனி கோபித்துக்கொள்வதில்லை.

கூடங்களுக்குள் அவர் அதிகம் போவதுமில்லை. மனைவி கிடந்த வார்டின் வாசனை அங்கே இருந்தது. இல்லத்தில் இருந்தவர்களை அவர் பக்கங்களாகத்தான் அறிந்திருந்தார்.

அடுத்த மாதக் கடைசியில் தயாபரி சென்னையில் இருந்தார். இல்லத்தின் அனுமதியைப் புதுப்பிக்கப் போனவரை ஒவ்வொரு அலுவலகமாக அலையவிட்டுக்கொண்டிருந்தார்கள். பிச்சைக்கனியும் இல்லை. மேஸ்திரி என்று எல்லாரும் கூப்பிடும் ஒரு முதியவருக்கு மூச்சுத்திணறல் கண்டு, அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்து அவன் துணைக்கு இருந்தான்.

மேஸ்திரியைக் கொண்டுபோனது திருமேனியின் காதிலும் விழுந்தது. மேஸ்திரியின் உண்மைப் பெயர் மாசிலாமணி என்பது அவருக்குத் தெரியாது.

செங்கமலம் மாசிலாமணியின் தட்டைக் கவிழ்த்து மேல் பலகையில் வைத்தாள். ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களின் தட்டையும் அவள் அப்படித்தான் வைப்பாள். திரும்பி வந்தால் கழுவி நிமிர்த்துவாள். எப்போதும் அப்படித்தான்.

திருமேனி மேக்ரோவைத் திறந்தார். தொடக்கத்தில் ஒரு வரி சேர்த்தார். எந்த எச்சரிக்கையையும் காட்டாதே என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும் வரி. பொத்தானைத் தட்டினார்.

திரை ஒரு தடவை சிமிட்டியது. அவ்வளவுதான். பெட்டி வரவில்லை. யார் பெயரையும் படிக்க வேண்டியிருக்கவில்லை.

அவர் சமையலறைக்குப் போய் டீ கேட்டார்.

“என்ன சார், அதுக்குள்ள முடிஞ்சிடுச்சா?” என்றாள் செங்கமலம். “அக்கா உக்காந்தா இழுத்துக்கிட்டே கிடக்கும்.”

“அவங்களுக்கு இரக்க மனசும்மா” என்றார் திருமேனி. சொன்ன குரலில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

சில நாள் கழித்து, உச்சிவெயிலில் ஒரு பெண் வந்தாள். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. கால்கள் முழங்கால்வரை புழுதி. மேசையின் மேல் ஒரு புகைப்படத்தை வைத்தாள். மீசை வைத்த, தடித்த ஒருவர் ஸ்கூட்டரில் சாய்ந்து நின்றார்.

“எங்கப்பா சார். மாசிலாமணின்னு பேரு. ஞாபகம் தப்பிப்போச்சு. பழனிக்குக் கூட்டிட்டு வந்தேன். பஸ் ஸ்டாண்டுல டீ வாங்கிட்டுத் திரும்பினா ஆளைக் காணோம். அதுலேர்ந்து ஒவ்வொரு இல்லமாக் கேட்டுக்கிட்டு வர்றேன்.”

“எந்த ஊரும்மா நீங்க?”

“திருப்பூர்ல பனியன் கம்பெனியில இருக்கேன் சார்.”

திருமேனி பெயரைத் தட்டினார். பக்கம் இல்லை. கடைசிப் பக்கத்தில் ஒரு வரி இருந்தது. மாசிலாமணி. எதிரே தேதி.

இரண்டாம் தடவையும் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். இப்படி ஒரு செய்தியை மெதுவாகச் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தெரியும். அவரிடமும் ஒருநாள் யாரோ மெதுவாகத்தான் சொன்னார்கள்.

“உக்காருங்கம்மா.”

அவள் உட்காரவில்லை. அவர் முகத்தையே பார்த்தாள்.

“எப்ப சார்?”

“போன மாசக் கடைசியில.”

“போன மாசமா.” அவள் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். “போன மாசம் நான் மதுரையில தேடிக்கிட்டு இருந்தேன் சார்.”

திருமேனி நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினார்.

“ரொம்பக் கஷ்டப்பட்டாரா?”

“இல்லம்மா.”

அது அவருக்குத் தெரியாது. அந்த இடத்தில் சொல்ல வேண்டியது அதுதான் என்று சொன்னார்.

“சாம்பல் ஏதாவது…”

“நாங்களே ஆத்துல கரைச்சிடுவோம்மா.”

அவள் புகைப்படத்தை எடுத்து முந்தானையால் துடைத்துப் பைக்குள் வைத்தாள்.

“ரோட்டுல கிடந்து போகாம உங்ககிட்ட வந்து போனாரே. அது போதும் சார்” என்று கும்பிட்டாள்.

வெயிலில் நடந்து போனாள். அவள் பெயரையோ போன் நம்பரையோ திருமேனி வாங்கவில்லை. வாங்குவதற்கு இனி ஒன்றும் இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை.

மறுநாள் ஆம்புலன்ஸ் வந்தது. பிச்சைக்கனி ஒரு மெலிந்த மனிதரைக் கைத்தாங்கலாக இறக்கினான். மொட்டைத் தலை. மீசை இல்லை.

“சிஷ்யப்பிள்ளை, மேஸ்திரி பொழைச்சு வந்துட்டாரு. மெஷின்ல ஏத்திக்கங்க.”

“என்ன பேருன்னு போட?”

“இது என்ன கேள்வி. மாசிலாமணிதான். ஏற்கெனவே உள்ள இருப்பாரே.”

திருமேனி முதியவரைப் பார்த்தார். மீசையை வைத்துப் பார்த்தார். உடம்பைத் தடிக்கவைத்துப் பார்த்தார்.

“பூங்கோதை வந்தாளா?” என்று முதியவர் கேட்டார்.

“மக பேரு” என்றான் பிச்சைக்கனி. “வந்த நாள்லேர்ந்து இதே பாட்டுதான். வருவா, வருவா. நடங்க மேஸ்திரி.”

திருமேனி பேருந்து நிறுத்தத்துக்கு ஓடினார். ஓடி என்ன ஆகும் என்பது ஓடும்போதே தெரிந்தது. அவள் போனது முந்தின நாள்.

காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்தார்கள். சென்னையிலிருந்து திரும்பிய தயாபரி தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் செய்தார். திருமேனி திருப்பூருக்குப் போய், ஷிப்டு விடும் நேரங்களில் கம்பெனி கேட்டுகளில் நின்றார். பூங்கோதை என்று பெயருள்ள சில பெண்களைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். எவளும் அவள் இல்லை. ஒரு கேட்டில் வாட்ச்மேன் கேட்டான்.

“அப்பா இறந்துட்டாருன்னு கணக்கு முடிச்சுட்டு ஊருக்குப் போன பொண்ணா?”

“ஆமா. எந்த ஊரு?”

“அது தெரியாதுங்களே. இனிமே இங்க யாருக்காக இருக்கணும்னு அழுதுச்சு.”

திருமேனி இல்லத்துக்குத் திரும்பினார். தயாபரி அவரைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“பரமானந்தத்துக்கு வேண்டாம்னு அழுத்தினீங்களே அக்கா. அவரும் ஆஸ்பத்திரியிலதான் இருந்தாரா?”

“ஆமா.”

“எனக்கு ஏன் சொல்லலை?”

“கேப்பீங்கன்னு இருந்துட்டேன்.” கொஞ்சம் பொறுத்து, “சொல்லியிருக்கணும். அது என் தப்பு” என்றார்.

“அந்த வரியை எடுத்துட்டேன். இனிமே ஒவ்வொண்ணுக்கும் கேக்கும்.”

தயாபரி தலையாட்டினார்.

“தினமும் என் மேசைக்கு வந்து நிக்கிறார் அக்கா. பூங்கோதை வந்தாளான்னு கேக்கிறார். நான் என்ன சொல்றது?”

“வந்தான்னு சொல்லுங்க.”

“அப்புறம் எங்கேன்னு கேட்டா?”

“அதுக்குத்தான் உங்களைச் சொல்லச் சொல்றேன்.”

ஆண்கள் கூடத்துக்கு வெளியே தாழ்வாரத்தில் ஒரு மரப் பெஞ்சு கிடந்தது. மாசிலாமணி அதில் உட்கார்ந்திருந்தார். திருமேனி பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

“பூங்கோதை வந்தாளா?”

“வந்தாங்க.”

முதியவர் வாய் நிறையச் சிரித்தார். முன்பல் இரண்டு இல்லை. திருமேனி அவர் சிரித்து அதுவரை பார்த்ததில்லை.

“எனக்குத் தெரியும். விட்டுட மாட்டா. எங்க?”

திருமேனி சொன்னார். தட்டைச் சொன்னார், மேக்ரோவைச் சொன்னார், தான் சேர்த்த வரியைச் சொன்னார். எதையும் விடவில்லை.

“நீங்க செத்துப்போயிட்டீங்கன்னு அவங்ககிட்டச் சொல்லிட்டேன். நம்பிட்டாங்க. போயிட்டாங்க.”

முதியவர் முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு புரிந்தது என்று தெரியவில்லை. பிறகு திருமேனியின் பக்கம் திரும்பினார்.

“சாப்பிட்டாளா?”

“என்னங்க?”

“வெயில்ல வந்திருப்பாளே. சாப்பிட்டாளா?”

“தெரியலைங்க. நான் கேக்கலை.”

அன்று மாலைப் பேருந்தில் திருமேனி நின்றுகொண்டே போனார். இடம் இருந்தது.

மறுநாள் காலை முதியவர் மேசைக்கு முன்னால் வந்து நின்றார்.

“பூங்கோதை வந்தாளா?”

அவருக்கு எதுவும் நினைவில்லை. திருமேனி அவரைப் பெஞ்சுக்கு அழைத்துப்போய் மறுபடி சொன்னார். முகம் மறுபடி மலர்ந்தது. மறுபடி அடங்கியது. இந்த முறை, அவள் என்ன சேலை கட்டியிருந்தாள் என்று கேட்டார். திருமேனி யோசித்துப் பார்த்தார். புழுதி படிந்த கால்கள்தான் நினைவுக்கு வந்தன. இன்னொரு நாள், கூட யார் வந்தது என்று கேட்டார். தனியாக வந்தார்கள் என்றதும், “தனியாவா” என்று சொல்லிவிட்டு வாசலைப் பார்த்தார். ஒருநாள், “என் மேல கோபமா இருந்தாளா?” என்று மட்டும் கேட்டார்.

“இல்லைங்க. கும்பிட்டுட்டுப் போனாங்க.”

“யாரை?”

“என்னை.”

பிச்சைக்கனி ஒருநாள் திருமேனியைச் சமையலறை வாசலில் மடக்கினான்.

“சிஷ்யப்பிள்ளை, மேஸ்திரி காதுல தினம் என்னதான் ஓதறீங்க? முதல்ல சிரிக்கிறாரு. அப்புறம் பாதிச் சோத்தோட எந்திரிச்சிடறாரு. உங்களைப் பார்த்தா அவரைவிட மோசமா இருக்கீங்க. வருவான்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போக என்ன கஷ்டம்? நாங்க எல்லாரும் சொல்றதுதானே.”

“வருவாங்களான்னு எனக்குத் தெரியாதுப்பா.”

“எனக்கு மட்டும் தெரியுமா? இங்க யாருக்கு யார் வருவான்னு எந்த மகராசனுக்குத் தெரியும்? அவரு கேக்கிறாரு, நாம சொல்றோம். அதோட போச்சு.”

“அவன் பேசறதிலயும் ஞாயம் இருக்கு சார்” என்றாள் செங்கமலம் உள்ளேயிருந்து.

திருமேனி அன்று மேசைக்குப் போகவில்லை. தயாபரியைத் தேடிப் போனார். பின்கட்டில் கொடியிலிருந்து போர்வைகளை எடுத்து மடித்துக்கொண்டிருந்தார் தயாபரி. திருமேனி ஒரு போர்வையின் மறுமுனையைப் பிடித்தார்.

“பிச்சைக்கனி சொல்றது சரின்னு படுதுக்கா. வருவான்னு சொல்லிட்டா அவரு நிம்மதியா சாப்பிடுவாரு. நானும் நிம்மதியா இருப்பேன்.”

தயாபரி போர்வையை உதறினார். இருவரும் நடந்து வந்து முனைகளைச் சேர்த்தார்கள்.

“எல்லாத்தையும் சொல்லியாச்சு. முந்தாநாளும் சொன்னேன். நேத்தும் சொன்னேன். ஒண்ணு விடலை. அவர் மறந்துடறார். மறுபடியும் முதல்லேர்ந்து கேக்கிறார்.”

தயாபரி மடித்த போர்வையை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

“நேத்து கேட்டவருக்கு நேத்து சொல்லிட்டீங்க ஐயா. இன்னைக்குக் கேக்கிறவர் வெளியில உக்காந்திருக்கார்.”

திருமேனி கொஞ்ச நேரம் கொடியடியில் நின்றார். பிறகு தாழ்வாரத்துக்குப் போனார்.

மாசிலாமணி பெஞ்சில் இருந்தார். வெயில் ஏறிவந்து அவர் பாதங்களின் மேல் விழுந்திருந்தது. காலடி கேட்டு நிமிர்ந்தார்.

“பூங்கோதை வந்தாளா?”

“வந்தாங்க” என்றார் திருமேனி. முதியவர் சிரிக்கத் தொடங்கினார். திருமேனி தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சொல்லிக்கொண்டே, அவர் கால்களை ஒவ்வொன்றாகத் தூக்கி நிழலுக்குள் நகர்த்தி வைத்தார்.